மனக் கோட்டையில் பியானோ

கேள்வி: கீபோர்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் கீபோர்டு இல்லை. மனதுக்குள்ளேயே வாசித்துப் பழகினால் விரல் படியுமா?

பதில்: ஓரளவு படியும், நிஜமாகவே! நரம்பியல் மருத்துவர் அல்வாரோ பாஸ்குவல்-லியோன் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பியானோ தெரியாதவர்கள் ஐந்து விரல் பயிற்சி ஒன்றைத் தினம் 2 மணி நேரமாக 5 நாள் பழகினார்கள். ஒரு சாரார் கட்டையைத் தொட்டு. இன்னொரு சாரார் விரலே அசையாமல், நினைப்பில் மட்டும். இரு சாராருக்குமே மூளையில் விரல்களை ஆளும் பகுதி விரிந்திருந்தது. ஆனால் வாசிப்பில், கைக் கோஷ்டி 3-ஆம் நாளில் எட்டிய இடத்துக்கு நினைப்புக் கோஷ்டி 5-ஆம் நாள்தான் வந்து சேர்ந்தது. அப்புறம் ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம் கட்டையில் கைவைத்ததும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். ஆக, பக்கத்து வீட்டு கீபோர்டையாவது கடன் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று: நினைப்பிலும் எந்த விரல், எந்தக் கட்டை என்று ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். கைதட்டலும் பொன்னாடையும் பயிற்சிக் கணக்கில் வராது. திருநின்றவூர் பூசலார் மனதிலேயே கோயில் கட்டியபோதுகூட அஸ்திவாரத்திலிருந்துதான் ஆரம்பித்தார். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்க அவருக்கே நெடுநாள் பிடித்தது.