சொனிக்கும் பாணந்துறைக் குரங்கும்

எங்கள் நானாவுக்கு மெதுவாக ஓடும் எதுவும் ஆகாது. வள்ள எஞ்சின் திருத்துவது தொழில். கண்டக்குழியில் டொல்பின் பார்க்க ஆள் ஏற்றுகிறவர்கள், "நானா, இழுவையைக் கொஞ்சம் கூட்டித் தாங்களேன்" என்று வந்து நிற்பார்கள். டொல்பின் ஒன்றும் அவசரப்படுவதில்லை. அது வேறு கதை.

அப்படிப்பட்ட மனிசனுக்குத் தன் சின்ன வயது அரைவேக்காட்டு வேகத்தில் போனது போன வருடம் தெரியவந்தது. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சேகா மெகா டிரைவ் கேம் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் சொனிக், 1991இல் வந்த நீல முள்ளெலி. வேகம்தான் அதன் ஒரே சொத்து. ஆனால் ஜப்பான் டீவி செக்கனுக்கு 60 தடவை படம் மாற்றும். நம்மூர் 'பால்' முறை டீவி 50 தடவைதான். கேம் அந்தக் கணக்கைப் பிடித்துத்தான் அடி வைக்கிறது. பாட்டும் இழுபட்டு வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. அதுதான் அழகென்று இருந்தோம்.

"ஆறில ஒரு பங்கக் களவெடுத்துட்டானுகள்" என்றார் நானா.

போர்டில் ஜம்பர் ஒன்றை வெட்டி மாற்றினால் 50 போய் 60 வந்துவிடும். காரியம் அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் மோட்டரோலா 68000 சிப் வெறும் 7.6 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிறது என்று கண்டதும் நானாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சிப்புக்கு 64 கால். 15ஆம் காலால்தான் துடிப்பு உள்ளே போகிறது. அந்த ஒரு காலை மட்டும் போர்டிலிருந்து நெம்பித் தூக்கி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய 10 மெகாஹேர்ட்ஸ் ஒசிலேட்டரில் பற்றவைத்தார். படம் போடும் சிப்புக்குத் துடிப்பு தனியாகப் போவதால் படம் குழம்பாது. அதற்கு முன் எங்களிடம் இருந்த கசட் டீவி கேமில் இந்த வித்தை பலிக்காது. ஒரே கிறிஸ்டல்தான் எல்லாவற்றையும் ஓட்டும். அதை மாற்றினால் நிறமும் போகும், படமும் போகும்.

முதல் சோதனை 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்று தாண்டி. நானா பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டார். எங்கள் மின்விசிறி நின்றது. அடுத்த வீட்டு மின்விசிறியும் நின்றது. கற்பிட்டியில் கரண்ட் இல்லையாம், புத்தளத்திலும் இல்லையாம், கொழும்பிலும் இல்லையாம் என்று போன் மேல் போன். உம்மா சோல்டரிங் அயனைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார்.

"என்ன மகன் செஞ்ச?"

நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கள் குடாநாட்டிலேயே இருப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அதன் 900 மெகாவாட்டும் எங்கள் பிளக் வழியாக இறங்கிவிட்டதென்றே அடுத்த வீட்டு ராத்தா முடிவுகட்டிவிட்டார். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்ன செய்தி வந்தது. உம்மா நானாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குரங்குதான். சரியாத்தான் சொல்லீக்கிறாங்க" என்றார்.

கரண்ட் வந்த பிறகு சொனிக் பறந்தது. அடிபட்டால் அதனிடமிருந்து வளையங்கள் சிதறும். அத்தனையையும் ஒரே நேரத்தில் கணக்குப் பார்க்க முடியாமல் பழைய வேகத்தில் சிப் திணறும், திரையே மெதுவாகிவிடும். இப்போது அந்தத் திணறல் இல்லை. வளையங்கள் தெறித்தன, துள்ளின, மறைந்தன. இத்தனை காலமும் அந்தத் திணறலில்தான் நாங்கள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்! நாற்பது தாண்டிய பெருவிரலில் எந்தக் காலைத் தூக்கி எந்த ஒசிலேட்டரைப் பற்றவைப்பது? முதல் கட்டத்தையே நானாவால் தாண்ட முடியவில்லை.

கடைசியில் பெட்டியின் பக்கவாட்டில் துளை போட்டு ஒரு சுவிட்ச் பூட்டினார். ஒரு பக்கம் 'ஜப்பான்', மறுபக்கம் 'கண்டக்குழி' என்று மார்க்கர் பேனாவால் எழுதியும் வைத்திருக்கிறார். ஓடும்போது தட்டினால் கேம் உறைந்துவிடும், ஆகவே தொடங்கும் முன்பே முடிவெடுக்க வேண்டும். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தால் ஜப்பான். அறைக் கதவு சாத்தியிருந்தால் கண்டக்குழி.