ஐம்பதாம் ஆண்டுச் சந்திப்பின் இலக்கணம்

திருச்சிக் கல்லூரி ஒன்றில் 1976இல் பட்டம் வாங்கிப் பிரிந்த அறுபது பேர், 2026இல் மீண்டும் கூடுவது எவ்வாறு என்பதே இவ்வாய்வின் பொருள். இத்துறையில் இறங்கும் அறிஞருக்கு வேண்டிய முதல் தகுதி, வாட்ஸ்அப்பில் விடியற்காலை வந்து விழும் ரோஜாப்பூக்களைச் சகித்துக்கொள்ளும் திறன். நமது கருதுகோள் இது: சந்திப்பு, சந்திப்பு நாளில் நடப்பதில்லை. ஏற்பாடு செய்யும் மாதங்களிலேயே அது நடந்து முடிந்துவிடுகிறது.

1. வகுப்புத் தோழர்: வரையறை

அக்காலத்தில் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., அதன்மேல் ஓராண்டு பி.யு.சி., பிறகு மூன்றாண்டுப் பட்டம். 1978இல் பிளஸ் டூ வந்து பி.யு.சி.யை விழுங்கிவிட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பி.யு.சி.யோடு ரயில்வே வேலைக்குப் போனவர் நம் வகுப்பா? அரியர் வைத்து இரண்டாண்டு கழித்துப் பட்டம் வாங்கியவர்?

“பக்கத்துல உக்காந்து பரீட்சையில காட்டினவன்டா, அவனைச் சேர்க்காம யாரைச் சேர்க்கிறது?” என்பது ஒரு கட்சி. “விதி என்னன்னு முதல்ல எழுதிக்குவோம்” என்பது ஓய்வுபெற்ற தாசில்தாரின் கட்சி. நெடிய விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்ட வரையறை: சந்தா கட்டுபவரே வகுப்புத் தோழர் என்க.

2. குழுப் பெருக்க விதி

ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஆகவே அறுபது பேருக்கு ஒரு குழு தாராளம் என்பது பாமரர் கருத்து. களத்தில் நடப்பது வேறு. முதலில் பொதுக்குழு. அதில் அரசியல் ஃபார்வர்டு வந்து சண்டை மூண்டதும் ‘சந்திப்பு மட்டும்’ என்றொரு குழு. பிறகு ஏற்பாட்டுக் குழு. பிறகு, ஏற்பாட்டுக் குழுவில் உள்ள ஒருவரைப் பற்றிப் பேசுவதற்காக, அவர் இல்லாத ஏற்பாட்டுக் குழு. வேலை நடப்பது இதில்தான். துணைவிதி: அந்த ஒருவரிடமும் இப்படி ஒரு குழு இருக்கும்.

பொருளாளர் பதவி, மரபுப்படி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கு. “ஜிபே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் போடுங்கப்பா” என்பது அவர் தினமும் ஓதும் மந்திரம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் பேரன் பள்ளிவிட்டு வரவேண்டியிருப்பதால், பணம் காலையிலும் சான்று மாலையிலும் வந்துசேரும்.

3. நாளும் பயணமும்

மார்கழியில் கல்யாணம் கிடையாது; மண்டபம் சும்மா கிடக்கும். அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கும் டிசம்பர் தோது. எனவே மார்கழியே சிறந்தது என்று ஒருமனதாக முடிவாயிற்று. மறுநாள் ஒருவர் ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசியை நினைவூட்டினார். மண்டபம் கிடைக்கும், தங்க லாட்ஜ் கிடைக்காது. தீர்மானம் ரத்து.

அடுத்து ரயில். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டது. ஆண்களுக்கு 40 சதவீதமாக இருந்த முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. எஞ்சியிருக்கும் ஒரே உரிமை கீழ்ப் படுக்கை. அதைக் கேட்கும் தகுதி அறுபது பேருக்கும் இருப்பதுதான் சிக்கல். “பகல்ல வைகையில வாங்க, படுக்கைத் தகராறே இல்லை” என்றார் ஒருவர். “அஞ்சு மணி நேரம் உக்காந்தா இடுப்பை யார் தருவா?” என்று பதில் வந்தது.

துணைவியரை அழைப்பதா என்பது தனி வழக்கு. அவர்கள் எதிரே இருந்தால் பழைய கதைகளில் பாதியைத் தணிக்கை செய்ய வேண்டும். சமயபுரம், திருவானைக்காவல் போக ஒரு வேன் அமர்த்தியதில் பக்தியும் வரலாறும் ஒருசேரக் காப்பாற்றப்பட்டன.

4. விருந்தியல்

இவர்கள் பட்டம் வாங்கிய 1976 சித்திரையில் பிறந்தது நள வருடம். அதனால்தானோ என்னவோ, எல்லா விவாதமும் சமையலில் போய் முடிகிறது. உப்பில்லா ரசம், சர்க்கரையில்லாப் பாயசம், எண்ணெயில்லா வறுவல் என்று பட்டியல் நீண்டபோது சமையற்காரர், “சார், இது விருந்தா, பத்தியமா?” என்று கேட்டுவிட்டார். உணவுக் குழுவின் இறுதி முடிவு: எல்லாமே போடப்படும், மாத்திரையை அவரவர் கொண்டுவர வேண்டும்.

5. நிறுவல்

இனிக் கருதுகோளுக்கு வருவோம். அறுபது பேரும் ஒருவரோடு ஒருவர் தனித்தனியே பேச 1,770 உரையாடல்கள் தேவை. முப்பது ஜோடிகள் ஒரே சமயத்தில், ஐந்தைந்து நிமிடம் பேசினாலும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். தலைக்கு மூன்று நிமிடம் தன்னறிமுகம் என்றால் மேலும் மூன்று மணி நேரம். பொன்னாடை, குத்துவிளக்கு, குரூப் போட்டோ இதில் சேரவில்லை. அன்றைய போட்டோவில் நாற்காலியில் பேராசிரியர்கள் இருந்தார்கள், மாணவர்கள் நின்றார்கள். இன்று எல்லோருக்கும் நாற்காலி தேட வேண்டும். ஆக, ஒரே நாளில் சந்திப்பு சாத்தியமில்லை என்பது கணக்காலேயே தெளிவு.

அப்படியானால் அது எப்போது நடந்தது? கீழ்ப் படுக்கைக்காகப் பேச எடுத்த போன் ஒரு மணி நேரம் நீண்டு, விடுதி மெஸ் பாக்கி வரை போனபோது நடந்தது. பழைய டைரியில் கண்ட எண்ணை அழைத்தால், “அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு அங்கிள். உங்களைப் பத்திச் சொல்லியிருக்காரு” என்று மகன் சொன்னபோதும் நடந்தது. அஞ்சலிப் பட்டியலில் ஒரு பெயர் கூடிய அன்று, பொதுக்குழுவில் ஃபார்வர்டு எதுவும் வரவில்லை.

எனவே 1977 வகுப்பினருக்கு நமது பரிந்துரை: எண்களைத் தேடும் வேலையை இன்றே தொடங்குங்கள், தேதியை மட்டும் அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள். விழா முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடவும் வேண்டாம். மிச்சப் பணத்தை என்ன செய்வது என்று முடிவுசெய்யக் கூட்டம் போட்டுக்கொண்டே இருக்கலாம்.