‘வரலையே சார்’: ஓர் அம்பத்தூர் வட்டார ஆய்வு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நாளில் அதிகம் புழங்கும் வாக்கியம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ‘டீ சொல்லியாச்சா’ என்பது ஒரு கட்சி. ‘மெயில் போட்டாச்சு சார்’, ‘வரலையே சார்’ என்ற இரட்டை வாக்கியமே என்பது மறு கட்சி. இக்கட்டுரை மறு கட்சி.

1964-இல் உருவான பேட்டை இது. இங்கிருந்து ஒரு கொட்டேஷன் ஆவடிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் ஸ்டேஷனில் ஏறினால் மின்ரயில் திருமுல்லைவாயல், அன்னனூர் தாண்டி மூன்றாவது ஸ்டேஷனில் இறக்கிவிடும். மெயில் எந்த நாட்டு சர்வரைச் சுற்றிக்கொண்டு போகும் என்பது அனுப்பியவருக்கே தெரியாது.

மெயில் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் முகவரி மேல். பூந்தமல்லிக்குத் தமிழிலேயே பூவிருந்தவல்லி என்றொரு பாடபேதம் உண்டு. ஆங்கிலத்திலோ ஓ இரண்டு, எல் இரண்டு, ஈ இரண்டு. ஊர்ப் பெயரை மெயில் முகவரியில் சேர்த்துக்கொண்ட கடைக்காரர் ஆயுசுக்கும் போனில் ‘டபுள் ஓ, டபுள் எல், டபுள் ஈ’ என்று ஓத வேண்டியதுதான். நடுவில் ‘எம் ஃபார் மெட்ராஸா?’ என்று எதிர்முனை கேட்கும். 1996-இல் சென்னை ஆன பிறகும் இந்த ஒரு வேலைக்கு மெட்ராஸ் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

அஞ்சல் துறை இதில் தாராளம். 1972 சுதந்திர தினத்தன்று பின்கோடு வந்தது. பேட்டையின் 600058-க்குப் பதில் அம்பத்தூரின் 600053 என்று எழுதினாலும், போஸ்ட்மேன் ஒருநாள் தாமதமாகவாவது கொண்டுவந்து சேர்ப்பார். 1995-இல் அதே ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இணையத்தில் இந்த இரக்கம் கிடையாது. ஓர் ‘எல்’ குறைந்தால் 550. அதாவது, அப்படி ஒரு பெட்டியே இல்லை.

இதை சர்வர் எழுத்திலேயே தெரிவிக்கிறது. கையொப்பம்தான் வினை: மெயிலர் டீமன். கண்ணில் படாமல் பின்னால் உழைத்துக்கொண்டிருக்கும் நிரலுக்கு வைத்த பெயர் அது. பட்டறை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது வைரஸ், அல்லது பேய். திறக்காமலே டெலிட்.

இணைப்புக் கோளாறுகளில் ஆய்வாளரின் மனதைக் கவர்ந்தது கடிகாரக் கோளாறு. பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. அது செத்த பிறகு, இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால், காலையில் கம்ப்யூட்டர் பத்துப் பதினைந்து வருஷம் பின்னால் ஒரு ஜனவரி 1-ஆம் தேதியில் கண் விழிக்கும். மெயில் சர்வர் நீட்டும் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. போலி என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்திவிடும். முதலாளி பிராட்பேண்ட்காரரை அழைத்துத் திட்டுவார். அவர் வந்து மோடத்தை அணைத்துப் போடுவார், வயரைப் பிடுங்கிச் செருகுவார், ‘லைன் நல்லாத்தான் இருக்கு சார்’ என்பார். திரையின் வலது ஓரத்தில் தேதி தப்பாக நின்றுகொண்டிருக்கும்.

மற்றவை எளிய ரகம். அனுப்பும் போர்ட்டை 25 என்று வைத்திருப்பது பழையவர்கள் வழக்கம். ஸ்பேமுக்குப் பயந்து பல இணைப்புகளில் அதை அடைத்திருப்பார்கள், 587 என்று மாற்றினால் ஓடும். 20 எம்பி டிராயிங், மெயிலில் ஏறும்போது மூன்றுக்கு நான்கு என்ற கணக்கில் ஊதி 27 எம்பியைத் தொடும். வரம்பு 25 என்றால் வாசலோடு சரி.

தாமதம் தனி ரகம். எதிர்முனை சர்வர் படுத்துவிட்டால், அனுப்பும் சர்வர் குறைந்தது நான்கைந்து நாளாவது விட்டு விட்டுக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்கிறது மெயில் அனுப்புவதற்கான 2008-இன் எஸ்எம்டிபி விதி. மனிதருக்கு அந்தப் பொறுமை ஏது? ‘வரலையே சார்’ என்று போன் வந்ததும் ஆவடிக்காரர் அதே பர்சேஸ் ஆர்டரை மறுபடி அனுப்புவார். சாயங்காலம் இன்னொரு தடவை. மூன்றாம் நாள் சர்வர் எழுந்ததும் மூன்றும் அடுத்தடுத்து வந்து இறங்கும். ஒரே ஆர்டருக்கு மூன்று ஜாப் கார்டு போட்ட பட்டறைகளைப் பற்றிய ஆய்வு, நிதியுதவி கிடைத்ததும் தொடங்கும்.