சும்மா கூட வந்தேன்

வங்கியோ தாலுகா ஆபீஸோ ரத்தப் பரிசோதனைக் கூடமோ, எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒரு பெரியவர் காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தலை எட்டிப் பார்க்கும். உள்ளே இருப்பவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் அந்த இரண்டாவது தலைதான் பதில் சொல்லும். "நீங்க யாருங்க?" என்று கேட்டால், "சும்மா கூட வந்தேன்" என்று வரும் பதில்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். மற்ற ஊர்களிலும் இருப்பார்கள்; இங்கே விளைச்சல் கொஞ்சம் அதிகம். லீ பஜாரில் பருப்பும் மிளகாயும் மொத்த விலைக்குப் போகும், வெல்ல மண்டியில் சிப்பம் சிப்பமாக ஏலம் நடக்கும், சந்துக்குள் திரும்பினால் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நாற்பது ஐம்பது வருஷம் நாலு பேர் நடுவில் சத்தம் போட்டே பிழைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவர்களை ஒரு நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, "நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா" என்று மகன் சொல்லிவிட்டு வேலைக்குப் போனால் என்ன ஆகும்? பத்து மணிக்குச் செருப்பைத் தேடுவார்கள்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். எந்த வீட்டுக்கு மணியார்டர் வந்தது, எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்றையும் வெளியே சொன்னதில்லை. (சொன்னதில்லை என்பதை மட்டும் எல்லோரிடமும் சொல்வார்.) பணி ஓய்வோடு சைக்கிள் போய்விட்டது, பீட் போகவில்லை. காலையில் டீக்கடையில் ஆரம்பித்து, "இன்னைக்கு யாருக்கு என்ன வேலை?" என்று வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டே போவார். யாருக்கும் எந்த வேலையும் இல்லை என்றால் முகம் சுண்டிவிடும். "சுகர் பார்த்து மூணு மாசம் ஆச்சில்ல உனக்கு? கெளம்பு" என்று ஒருவரையாவது எழுப்பிவிடுவார்.

அவர் தோளில் ஒரு மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது இவருடைய பை மீண்டு வரும்படி எங்கேயும் போயிருக்கவில்லை. உள்ளே நாலு வீட்டு ஆதார் ஜெராக்ஸ், நாலு பேருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, நூல் கட்டிய பேனா, ஸ்டாம்ப் பேட், கோந்து, குண்டூசி, சர்க்கரை இறங்கினால் வாயில் போட மிட்டாய், மறந்துவிட்டு வருகிறவருக்காக உபரியாக ஒரு மூக்குக் கண்ணாடி. போட்டோவில் இருப்பவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. எடுத்துவிடலாமே என்றால், "இருக்கட்டும், எடத்தையா அடைக்குது" என்பார்.

இவருடைய ஜமாவில் முதலாவது கொலுசுக்காரர். கம்பி இழுத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, மெருகு போட்டுப் போட்டு, விரல் ரேகையும் சேர்ந்து மெருகேறிவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை எந்திரம் அவரை ஆள் என்றே ஒப்புக்கொள்ளாது. கட்டை விரலை வைப்பார், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு விளக்கு. உடனே பின்னாலிருந்து தலை நீளும். "தலையில தேய்ச்சு வை. எண்ணெய் படட்டும்." தலையில் முடி இல்லை என்பதால் தபால்காரர் தன் தலையைக் கொடுப்பார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அரிசி கிடைக்கும் வரை அவர் தலையை எடுக்கமாட்டார்.

அடுத்தவர் மில்காரர். நூற்பு மில்லில் இருந்து வந்தவர், பி.எஃப். பென்ஷன்காரர். 2014-ல் குறைந்தபட்ச பென்ஷன் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். மில்காரருக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூட. அதை வாங்குவதற்கு வருஷத்துக்கு ஒரு தடவை, தான் செத்துப்போகவில்லை என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். 2025 வரை, அஞ்சலக வங்கியில் சொன்னால் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாயில் உயிர்வாழ் சான்றை முடித்துவிட்டுப் போவார். நம் தபால்காரருக்கு அது பொறுக்காது. "எழுவது ரூவாயை எதுக்குய்யா தண்டம் அழுவணும்? நான் கூட வர்றேன், நேர்ல போயே குடுத்துடலாம்." இரண்டு பேருக்கும் பஸ், போனதும் ஒரு காபி, வெயிலுக்கு ஒரு சோடா, வரும் வழியில் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட், திரும்ப பஸ். கணக்குப் போட்டால் எழுபதை எப்போதோ தாண்டியிருக்கும். நான் இதை ஒருமுறை எடுத்துச் சொன்னேன். "தட்டுவடை அந்தக் கணக்குல வராது" என்றார்.

போன வருஷம் செல்போனிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிடலாம் என்று யாரோ பேரன் சொல்லிக்கொடுத்தான். திண்ணையில் மில்காரரை உட்காரவைத்து, தபால்காரர் போனைப் பிடித்தார். கண்ணைச் சிமிட்டச் சொன்னது போன். "சிமிட்டுய்யா." மில்காரர் கண்ணை மூடினார். மூடியவர் மூடியபடியே இருந்தார். "தொறய்யா! உயிரோட இருக்கேன்னு காட்டத்தான் படம் புடிக்கறோம்!" அடுத்த தடவை திறந்தவர் மூடவில்லை. மூன்றாவது தடவை சரியாகச் சிமிட்டினார், ஆனால் அதற்குள் எப்படிச் சிமிட்டுவது என்று காட்ட கொலுசுக்காரரும், ஜமாவில் இன்னொருவரான வாத்தியாரும் இரண்டு பக்கமும் முகத்தை நுழைத்துவிட்டார்கள். மூன்று கிழவர்கள் சேர்ந்து கண்ணடிப்பதைப் பார்த்து எந்திரம் திகைத்து நின்றுவிட்டது. கடைசியில் பேரனே வந்து முடித்தான். மறுநாள் தபால்காரர், "என்ன இருந்தாலும் நேர்ல போற மாதிரி வராது" என்றார்.

பஸ் விஷயம் தனி. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. சென்னையில் அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் உண்டு. ரயிலில் இருந்த முதியோர் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், நிறுத்தியது நின்றது. ஆக செவ்வாய்ப்பேட்டை ஆண் கிழவருக்கு மிஞ்சியது, யார் டிக்கெட் எடுப்பது என்ற சண்டை மட்டும். "நீ இருய்யா, நான் எடுக்கறேன்." "போன தடவை நீதான எடுத்த?" "போன தடவை நீ." கண்டக்டர் இருவர் கையிலும் உள்ள பத்து ரூபாய் நோட்டுகளை மாறிமாறிப் பார்ப்பார். பின்னால் இலவசச் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவர்கள் வீட்டம்மாக்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

டாக்டரிடம் போனால் நிலைமை இன்னும் மோசம். "எத்தனை நாளா வலி?" என்பார் டாக்டர் கொலுசுக்காரரைப் பார்த்து. "ஆடி பண்டிகை கம்பம் நட்ட அன்னைக்கு ஆரம்பிச்சுதுங்க" என்பார் தபால்காரர். "ராத்திரி தூக்கம் வருதா?" "எங்கீங்க வருது! பன்னண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கறாப்ல." இது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று டாக்டர் கேட்கமாட்டார், நான் கேட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கொலுசுக்காரர் எழுந்து உட்கார்ந்தால் இவருக்குப் போன் போடுவாராம். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு இருப்பார்களாம். "பேசாமயா?" என்றேன். "என்னத்தைப் பேசறது? பகலெல்லாம் பேசறமே." அன்றைக்கு டாக்டர் எழுதிய பரிசோதனையை எடுத்துக்கொண்டது தபால்காரர் என்பதும், அவருக்குத்தான் கொழுப்பு கூடுதல் என்று தெரியவந்ததும் பின்னால் நடந்த கதை.

பணம் வேறு இருக்கிறதே. இந்த ஜமாவுக்குள் ஒரு ஐநூறு ரூபாய் நோட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. மில்காரருக்கு ஒருமுறை பென்ஷன் தாமதமானபோது வாத்தியார் கொடுத்தது. அதை வாங்கித் திருப்புவதற்குள் கொலுசுக்காரருக்குத் தேவைப்பட்டது, அவரிடமிருந்து மண்டிக் கணக்கருக்குப் போனது. தானம் என்றால் நாலு பேரும் பட்டினி கிடப்பார்கள். கைமாத்து என்றால் கௌரவம். மண்டிக் கணக்கர் முப்பது வருஷம் வெல்ல மண்டியில் பேரேடு எழுதியவர், யார் யாருக்குத் தரவேண்டும் என்பது அவர் நோட்டில் பைசா பிசகாமல் இருக்கிறது. ஆனால் நோட்டைப் பிரிக்கமாட்டார். பிரித்தால் கணக்கு தீர்ந்துவிடும் என்பது அவர் பயம். கணக்கு தீர்ந்த பார்ட்டி மண்டிக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லையாம்.

இந்தக் கணக்கருடைய சொந்தக் கணக்கில்தான் பெரிய பிசகு. எழுபது கடந்தவர், பிள்ளை இல்லை, சொத்து இல்லை. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு எல்லாத் தகுதியும் உண்டு, வயதைத் தவிர. 1955 என்று அவர் சொன்னதை ஆதாரில் 1968 என்று ஏற்றிவிட்டார்கள். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் வாலிபர். திருத்தப் போனால் பிறப்புச் சான்று கேட்கிறார்கள். அவர் பிறந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் அவர் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தபால்காரர் அவரோடு ஏறாத படி இல்லை. ஒவ்வொரு ஆபீசிலும், "நரையைப் பாருங்க சார், பல்லைப் பாருங்க சார்" என்று மாட்டுச் சந்தையில் போல் அவரைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். நரையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வழி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாத்தியாருக்கு மட்டும் போதுமான பென்ஷன் உண்டு, காது கிடையாது. அந்தக் காது இல்லாததுதான் ஜமாவின் பெரிய சொத்து என்று தெரிந்தது ஒரு மத்தியானம். மில்காரர் போனில் மும்பை போலீஸ் பேசியது. உங்கள் பெயரில் போதை மருந்துப் பார்சல் பிடிபட்டிருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், வீட்டைவிட்டு நகரக்கூடாது. மில்காரருக்குக் கைகால் உதறிவிட்டது. தபால்காரர் போனை வாங்கினார். "பார்சலா? ரெஜிஸ்டரா, ஸ்பீடு போஸ்ட்டா? புக்கிங் நம்பர் சொல்லுங்க. எந்த ஆபீஸ்ல போட்டது?" அந்தப் பக்கம் கொஞ்சம் தடுமாறி, அதட்டியது. தபால்காரர் வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார். "யாரு? சத்தமாப் பேசுப்பா. எந்த பேட்ச்? பத்தாம் வகுப்பா?" அந்தப் பக்கம் கத்தியது. "முதலியாரா? எந்த முதலியார்?" கால் மணி நேரம் கழித்து மும்பை போலீஸே போனை வைத்துவிட்டது. பிறகு சைபர் குற்றப் புகாருக்கான 1930-ஐ அழைத்து, அந்த நம்பரைச் சொன்னார்கள். அங்கே பேசிய பெண்ணிடமும் வாத்தியார் பேச ஆசைப்பட்டார். நல்ல வேளையாக மற்றவர்கள் விடவில்லை.

துணை தேடுகிற விஷயத்தில் பெண்கள் நம்மைவிட நேரானவர்கள். மாரியம்மன் கோயில் வாசலில் இரண்டு பாட்டிகள், "வா, செத்த நேரம் உக்காந்து பேசிட்டு இரு" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். ஆண் கிழவனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. 'எனக்கு வீட்டில் ஒண்டியா இருக்க முடியலை, கொஞ்சம் வந்து உட்காரு' என்று சொல்வதற்குப் பதில், ஐம்பது கிராம் பெருங்காயம் வாங்க மூன்று பேரைத் திரட்டிக்கொண்டு லீ பஜாருக்குப் போவான். மூட்டைக் கணக்கில் விற்கும் கடையில் ஐம்பது கிராம் கேட்டுத் திட்டு வாங்கி, தெருமுனை மளிகைக் கடையில் வாங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து வீடு வருவான். தபால்காரரின் மேதைமை அங்கேதான். அவர் வேலைக்குத் துணை போகிறவர் இல்லை. துணைக்கு வேலை கண்டுபிடிக்கிறவர்.

அப்படிப்பட்டவர், தனக்குக் கண்புரை முற்றியதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. லட்டரில் உள்ள விலாசம் போல் எல்லோர் முகமும் மனப்பாடம் ஆகையால் சமாளித்துவிட்டார். ஒரு நாள் மண்டிக் கணக்கர் என்று நினைத்து யாரோ ஒரு ஆளைத் தாலுகா ஆபீஸ் படி வரை இழுத்துக்கொண்டு போனபோது குட்டு உடைந்தது. "ஏன்யா சொல்லலை?" என்று கொலுசுக்காரர் கத்தினார். "உங்களுக்கு எதுக்குய்யா அலைச்சல்" என்றார் இவர். நாலு பேரும் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. பேசாமல் அவரோடேயே இருந்தார்கள்.

ஆபரேஷனுக்குக் காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரியில் ஐந்து பேர். மஞ்சப்பை இப்போது மில்காரர் தோளில். தபால்காரர் பச்சைத் துணி போர்த்திக்கொண்டு படுக்கையில் இருந்தபடியே, "ஆதார் ரெண்டாவது கவர்ல இருக்கு, போட்டோ வேணாம், பேனாவைத் திரும்ப வாங்கு" என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்தார்.

"பேஷண்டோட அட்டெண்டர் யாரு?"

நாலு பேரும் எழுந்தார்கள். நர்ஸ் ஒவ்வொருவராகப் பார்த்தார். "தாத்தா, ராத்திரி கூட இருக்கணும், மாடிப்படி ஏறி எறங்கணும். அறுபதுக்குள்ள யாராச்சும் இருந்தா சொல்லுங்க."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மண்டிக் கணக்கர் மில்காரர் தோளிலிருந்த பைக்குள் கையை விட்டு, தன் ஆதார் ஜெராக்ஸை எடுத்து, மடிப்பு நீவி, நர்ஸிடம் நீட்டினார். நர்ஸ் பிறந்த வருஷத்தைப் படித்தார். நிமிர்ந்து கணக்கர் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"இவரா?"

"வெல்ல மண்டித் தூசிங்க சிஸ்டர்" என்றார் படுக்கையிலிருந்து தபால்காரர். "ஆளை அப்படி ஆக்கிடும்."