நாற்பத்தைந்தில் சைக்கிள் வாங்குகிறவர்

இவரை உருவாக்குவது ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 130-ஐத் தாண்டியதும் டாக்டர் "நடங்க" என்பார். நடப்பதற்குக் காசு செலவில்லை என்பதாலேயே இவருக்கு அதில் நம்பிக்கை வராது. ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் கடையில் நிற்பார்.

முதலில் கேட்பது இன்ச். டிவி வாங்கிப் பழகியவர்; இன்ச் கூடினால் தரமும் கூடும் என்பது கணக்கு. கடைப்பையன் 26, 27.5, 29 என்று அடுக்கியதும் 29-ல் நின்றுவிடுவார். அப்பா வைத்திருந்த, அம்பத்தூரில் பிறந்த ஹெர்குலிஸ் 24 இன்ச்தான். ஒரே தலைமுறையில் ஐந்து இன்ச் முன்னேற்றம்! உண்மையில் அப்பாவின் 24, ஃபிரேமின் அளவு: பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல்முனை வரை. அந்த வண்டியின் சக்கரம் 28. மகனின் 29, வெறும் சக்கரத்தின் அளவு. 16, 18, 20 என்று வரும் ஃபிரேம் அளவை அவர் கேட்பதில்லை. கடைக்காரரும் வாய் திறப்பதில்லை. கடையில் இருப்பது ஒரே ஃபிரேம்.

ஃபிரேமுக்கு ஆளின் உயரத்தைவிடக் காலின் உயரமே முக்கியம். ஐந்தரை அடி ஆட்கள் இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடம்பு நீளம். செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, தடிப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே முட்டும்வரை ஏற்றி, அதன் மேல்விளிம்புக்கு நேரே பென்சிலால் கோடு போட்டால் அளவு கிடைக்கும். வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். கூச்சப்படுகிறவர்களுக்குக் கடையிலேயே சோதனை உண்டு: சீட்டுக்கு முன்னால், பாருக்கு இருபுறமும் காலைப் போட்டுப் பாதத்தை முழுக்க ஊன்றி நிற்பது. தார்ச்சாலை வண்டியில் பாருக்கும் உடம்புக்கும் ஒரு இன்ச்சாவது, மேடுபள்ளத்து வண்டியில் இரண்டு இன்ச்சாவது இடைவெளி வேண்டும். நம்மவர் குதிகாலைத் தூக்கி, மூச்சையும் பிடித்துக்கொண்டு, "கரெக்டா இருக்கு" என்பார்.

அடுத்தது ரகம். போகப்போவது தெருமுனை ஆவின் பூத்துக்கு. வாங்குவது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த மலைவண்டி. மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்குகளே குதித்துக் குதித்துத் தின்றுவிடும். பட்டை டயர் தாரில் முனகும். மட்கார்டு கிடையாது, முதல் மழையில் முதுகு நடுவே சேற்றுக்கோடு விழும். முன்னே மூன்று, பின்னே ஏழு பல்சக்கரங்கள், ஆக 21 கியர். கடையில் எந்தக் கியரில் விட்டார்களோ அதிலேயே வண்டி ஆயுள் முழுக்க ஓடும். இவருக்கு ஸ்பிரிங் இல்லாத, 700சி சக்கரமும் கொஞ்சம் மெல்லிய டயரும் கொண்ட ஹைப்ரிட் போதும். வேட்டிக்காரருக்கும் இடுப்பு பிடித்தவருக்கும் பார் தாழ்ந்த வண்டி உத்தமம். அதற்கு 'லேடீஸ் சைக்கிள்' என்று பெயர் வைத்த புண்ணியவான் ஆண்களின் மூட்டுக்குச் செய்த கேடு கொஞ்சமல்ல.

மிஞ்சுவது சீட். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று அதைக் கடைசிவரை இறக்கிவிடுவார். பிறகு மிதிக்கும்போது வெட்டுக்கிளி மாதிரி முழங்கால் நெஞ்சுவரை வரும். பத்தே நாளில் மூட்டுவலி. பழி சைக்கிள் மேல். காற்றடிக்கப் போன இடத்தில் பஞ்சர் கடைப் பெரியவர் பார்த்துவிட்டு, "சுவத்தப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க சார். பெடலைக் கீழ விட்டுக் குதிகாலை வைங்க" என்பார். கால் நேராக நீளும்வரை சீட்டை ஏற்றி முறுக்குவார். இனி முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடிந்திருக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். நிறுத்தும்போது நுனிக்கால் மட்டுமே தரையைத் தொடும் என்பதால் நம்மவர் இரண்டு தெரு தாண்டி இறங்கி, சீட்டைப் பழையபடி இறக்கிக்கொள்வார்.

இந்த வகை பெருகுவது லிஃப்டில். மூன்றாவது வாரம், எதிர்வீட்டுக்காரர் கையில் பரிசோதனைத் தாளோடு ஏறுவார். சைக்கிள் ஒன்று வாங்கலாமா என்ற யோசனையைத் தயங்கித் தயங்கிச் சொல்வார். நம்மவர் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார்.

"வாங்குங்க சார். ஆனா ஒண்ணு, 29-க்குக் கீழ போயிடாதீங்க."