சியேனாவுக்குக் கை தெரியாது

சோதினைக்குப் படிக்கிறவன் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறது ஊருலக வழக்கம்தான். எண்டாலும் பலெர்மோவில, பல்லாறோச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில வீடெடுத்து இருந்துகொண்டு, யன்னலையும் பூட்டிப்போட்டு இத்தாலி பாஷை கதைக்கிற சோதினைக்குப் படிக்கிற ஒரே ஆள் நீதான் மருமோன். கேட்டால், வெளியில சனம் சத்தம் போடுதாம், படிக்கேலாமல் கிடக்காம். அந்தச் சனம் எந்தப் பாஷையில சத்தம் போடுதெண்டு ஒருக்கால் யன்னலைத் திறந்து கேட்டுப் பாரன்.

கோவிக்காதை. மாமா நக்கலடிக்கிறார் எண்டு பருத்தித்துறைக்குப் போன் எடுத்துக் கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. பேந்து அவள் என்னைத்தான் பேசுவாள்.

இந்த நாட்டுக் குடியுரிமை எடுக்க பி1 எண்ட பாஷைப் படி காணுமெண்டு 2018 இல சட்டம் போட்டாங்கள். அந்தத் துண்டுக்கே எங்கட சனம் வேலை முடிச்ச கையோட வகுப்புக்கு ஓடித் திரியுது. நீ அதுக்கும் மேல மூண்டு படி தாண்டி, சி2 எண்டு நிக்கிறாய். ஆஸ்பத்திரியில எங்கட ஆக்களுக்கு மொழிபெயர்க்கவேணும், கோட்டில நிண்டு கதைக்கவேணும் எண்டுறாய். நல்ல எண்ணம். மாமா குறுக்க நிக்கமாட்டன்.

ஆனால் எந்தச் சோதினை எடுக்கிறதெண்டு நீ யோசிச்ச காலத்துக்குள்ள ஒண்டை எழுதியே முடிச்சிருக்கலாம். சியேனாக்காரருக்கு சில்ஸ், பெரூஜாக்காரருக்கு செலி, தாந்தே அலிகியேரி சங்கத்துக்கு ப்ளிடா, ரோமா த்ரே பல்கலைக்கழகத்துக்கும் சொந்தமாய் ஒண்டு. இதில எது லேசு எண்டு ஊரெல்லாம் விசாரிச்சாய். லேசான சி2 எண்டு ஒண்டு இருந்தால் நானே எடுத்திருப்பனே! கடைசியில சில்ஸைப் பிடிச்சாய். சரி, அதின்ர கணக்கு வழக்கைப் பார்த்தியோ? கேக்கிறது, வாசிக்கிறது, மொழியமைப்பு, எழுதுறது, கதைக்கிறது எண்டு 5 பகுதி. ஒவ்வொண்டுக்கும் 20 புள்ளி. ஒவ்வொண்டிலயும் குறைஞ்சது 11 எடுக்கவேணும். வாசிப்பில 20 எடுத்த பெருமையில கதைக்கிறதில 10 எடுத்தால் சேட்டிபிக்கற் இல்லை. ஒரு பக்கத்தில மிஞ்சினதை மற்றப் பக்கத்துக்கு ஊத்தேலாது. ஆனால் மனச்சாட்சி உள்ள ஆக்கள். தேறின பகுதிகளை 18 மாசத்துக்கு வைச்சிருப்பாங்கள், விழுந்ததை மட்டும் திரும்பச் செய்யலாம்.

நீயோ நாள் முழுக்க இலக்கணப் பயிற்சி. ஏனெண்டால் அது உனக்கு வரும். வாறதையே திரும்பத் திரும்பச் செய்து மகிழுறது ஒரு நல்ல பொழுதுபோக்கு, நான் குறை சொல்லேல்லை. ஆனால் நீ விழப்போறது வாயிலயும் பேனையிலயும்.

வாயை முதல் எடுப்பம். நீ இங்க வந்து திறமாய்ப் படிச்சது கைப்பாஷை. விரல் அஞ்சையும் கூப்பி மேலயும் கீழயும் ஆட்டுவாய். நாடிக்குக் கீழ விரலால தட்டி விட்டு, எனக்கென்ன எண்டுவாய். பலெர்மோக்காரனே தோத்துப்போவான். ஆனால் சோதினை மண்டபத்தில நீ கதைக்கிறதை ஒலிப்பதிவு செய்து சியேனாவுக்கு அனுப்புறாங்கள். புள்ளி போடுறவர் அங்க இருந்து காதாலதான் கேக்கிறார். சியேனாவுக்குக் கை தெரியாது, மருமோன். சொல் வராமல் நீ கையை ஆட்டிச் சமாளிச்ச இடமெல்லாம் அங்க வெறும் காத்து. போனில உன்ர குரலைப் பதிஞ்சு, அடுத்த நாள் வேற ஆற்றையோ குரல் மாதிரி நினைச்சுக் கேள். உனக்கே விளங்காத இடத்தில அவருக்கு என்ன விளங்கும்?

ஒரு விஷயத்தில எங்களுக்கு முதுசம் இருக்கு. படம் வேற, பட்டம் வேற எண்டு தாய்ப்பாலோட படிச்ச ஆக்கள் நாங்கள். இத்தாலி பாஷையிலயும் ஒற்று ரெட்டிச்சால் கருத்து மாறும். 'அன்னோ' எண்டால் வருசம். அதில ஒரு 'ன'வை விழுங்கிப்போட்டு, எனக்கு இத்தினை வயசெண்டு சொன்னால் சபையில சொல்லேலாத சொல்லாய்ப் போயிடும். வெள்ளைக்காரர் தடுக்கி விழுற இடத்தில நீ நிமிர்ந்து நடக்கலாம்.

அடுத்தது தனிப்பேச்சு. அதுக்கு ஒரு பேச்சைப் பாடமாக்கி வைச்சிருக்கிறியாம். சுற்றுச்சூழலாம். குளிக்கேக்கையும் சொல்லுறாய், சுவருக்கு இங்கால எனக்குப் பாடமாயிட்டுது. குடும்பம் பற்றியோ பழைய நகரம் பற்றியோ தலைப்புத் தந்தால் என்ன செய்வாய்? தென்னைமரம் பற்றி எழுதச் சொல்ல, மாட்டைக் கொண்டுவந்து மரத்தில கட்டி, மாட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதின பொடியன் மாதிரி, குடும்பத்துக்குள்ள குப்பைத்தொட்டியைக் கொண்டு வருவாய். கேக்கிறவர் இப்பிடி எத்தினை மாடு பார்த்திருப்பார்!

பாடமாக்கத்தான் வேணுமெண்டால் மறுத்துக் கதைக்கிற முறையைப் பாடமாக்கு. உனக்கு ஓம் எண்டும் சொல்லத் தெரியும், இல்லை எண்டும் சொல்லத் தெரியும். ரெண்டுக்கும் நடுவில நிண்டு கதைக்கத் தெரியாது. சி2 காரர் கேக்கிறது அதைத்தான். காலமையில ராய் ரேடியோ த்ரேயைப் போட்டு 'ப்ரீமா பாஜினா'வைக் கேள். 1976 இல இருந்து போகுது. ஒரு பத்திரிகைக்காரர் அண்டைய பேப்பரெல்லாம் பிரிச்சு வாசிப்பார், பேந்து சனம் போன் எடுக்கும். அவை சண்டை பிடிக்கிற வடிவைக் கேக்கவேணும். முதல்ல மற்றவர் சொன்னதில பாதியை ஒப்புக்கொள்ளுவினம், நன்றியும் சொல்லுவினம், பேந்து மெல்லமாய் 'பெறோ', அதுதான் 'ஆனால்', எண்டு ஒண்டைப் போட்டு ஆளை மடக்குவினம். சத்தம் உயராது. உதை யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டுப் பெரியாக்கள் எப்பவோ செய்தவை. உனக்கு இரத்தத்திலயே இருக்கவேணும்.

யன்னலைத் திறந்து சந்தையைக் கேள் எண்டு சொன்னனே, அதிலயும் ஒரு கொழுக்கி இருக்கு. சந்தை உனக்குத் துணிவு தரும், தலையங்கம் எழுதத் தராது. இந்த ஊர்க்காரர் காலமை குடிச்ச கோப்பியையும் பாஸ்ஸாத்தோ ரெமோத்தோ எண்ட தூர இறந்தகாலத்தில சொல்லுவினம், ஏதோ கரிபால்டி காலத்தில குடிச்ச மாதிரி. வடக்கில மிலானோக்காரர் பாட்டன் செத்ததைக்கூட மற்ற இறந்தகாலத்தில சொல்லுவினம். இங்க காரை வெளியில எடு எண்டுறதுக்குக் காரை 'வெளிக்கிடு' எண்ட மாதிரி ஒரு வினை போடுவினம். இப்பிடி வீட்டில கதைக்கலாமோ எண்டு 2019 இல நாடே அடிபட்டது. புளோரன்சில 1583 இல இருந்து இருக்கிற க்ரூஸ்கா அக்கடமி, வீட்டுப் பேச்சில சரி, எல்லா இடத்துக்கும் பொதுவாக்கேலாது எண்ட மாதிரி விளக்கம் சொல்லித்தான் ஓய்ஞ்சது. வினையைக் கொண்டுபோய் வசனத்துக் கடைசியில வைக்கிற பழக்கமும் சிசிலிக்காரருக்கு உண்டு. எழுத்தாளர் கமில்லேரியின்ர கதைகளில வாற இன்ஸ்பெக்டர் மொந்தல்பானோ தன்னை அறிமுகப்படுத்துறதே அப்பிடித்தான். எங்கட தமிழ் மாதிரிக் கிடக்கெண்டு உனக்குப் புளுகம். புளுகத்தைப் பல்லாறோவில வைச்சிட்டு மண்டபத்துக்குப் போ. எந்தக் கதையை எந்த வாசலில கதைக்கிறதெண்டு தெரிஞ்சவனுக்குத்தான் சி2. மற்றதெல்லாம் அகராதி.

இதுக்குள்ள நீ மனம் விடவும் தேவையில்லை. 1861 இல இத்தாலி ஒரு நாடாய்ச் சேரேக்க, 100 பேரில 2.5 பேருக்குத்தான் இந்தப் பாஷை வந்ததெண்டு துல்லியோ தே மவ்ரோ எண்ட மொழியறிஞர் கணக்குப் போட்டார். மிலானோவில பிறந்த மன்சோனி தன்ர பெரிய நாவலை 1827 இல வெளியிட்டுப்போட்டு, பாஷை சரியில்லையெண்டு புளோரன்ஸ் பேச்சுக்கு மாத்தி 1840 இல திரும்ப வெளியிட்டார். 1960 இல இருந்து 1968 வரை அல்பேர்த்தோ மன்சி எண்ட வாத்தியார் ரீவியில கரியால படம் கீறிக் கீறி வளர்ந்த ஆக்களுக்கு எழுத்துப் படிப்பிச்சவர். நான் பார்த்துக்கொண்ட கிழவி, இளைப்பாறின பள்ளிக்கூட ரீச்சர், அந்த மனிசனின்ர பேரைச் சொல்லேக்க இருந்த இடத்தில நிமிர்ந்து இருப்பா. இவையின்ர பாட்டன்மாரும் உன்னை மாதிரித்தான் கொப்பியோட குந்தினவை.

இப்ப பேனைக்கு வாறன். மாதிரிக்கெண்டு நீ எழுதின முறைப்பாட்டுக் கடிதத்தை மேசையில விட்டிட்டுப் போனாய். நான் வாசிச்சன். லிஃப்ட் பழுதெண்டு சொல்ல வந்தனி. என்ன எழுதியிருக்கிறாய்? "மேற்குறித்த கட்டடத்தின் செங்குத்துப் போக்குவரத்து ஏற்பாடானது அண்மைக் காலமாகச் செயற்படா நிலைமையை எய்தியுள்ளதைக் கருத்திற்கொண்டு" எண்டு நீ எழுதின இத்தாலியைத் தமிழில விரிச்சால் வரும். வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆள் படியேறியே மேல போயிடுவான். இந்த வியாதி உனக்கு மட்டுமில்லை. 1965 இல எழுத்தாளர் இத்தாலோ கல்வீனோ ஒரு கட்டுரை எழுதினார்: அடுப்பு மூட்டப்போனன், கரிப்பெட்டிக்குப் பின்னால வைன் போத்தல் கண்டனெண்டு ஒருத்தன் வாய்மொழியாய்ச் சொல்ல, பொலிஸ்காரர் அதைத் தட்டச்சில ஏத்தேக்க அடுப்பும் இல்லை, போத்தலும் இல்லை, முழுக்கக் கந்தோர்ப் பாஷை. உயர்ந்த நிலைச் சோதினையெண்டால் சொல்லெல்லாம் உயரமாய் இருக்கவேணுமெண்டு நீ நினைக்கிறாய். லிஃப்ட் எத்தினை கிழமையாய் நிக்குது, நாலாம் மாடியில ஆர் இருக்கினம், எந்தத் திகதிக்குள்ள திருத்தவேணும்: இதை ஒழுங்காய் அடுக்கிச் சொல்லுறவனுக்குத்தான் சியேனாக்காரர் புள்ளி போடுவார். எண்டாலும் எண்டுற 'துத்தாவியா'வும் ஆகையால் எண்டுற 'பெர்தாந்தோ'வும் காரணம் திரும்புற இடத்தில ஒவ்வொண்டு காணும். நீ பத்தியின்ர வாசலுக்கு வாசல் தோரணம் கட்டியிருக்கிறாய்.

அதே கடிதத்தில, தொடங்கேக்க ஆளுக்கு 'லேய்' போட்டு மரியாதை. நடுவில ஆத்திரம் வந்த இடத்தில 'தூ'வுக்கு இறங்கி, கையெழுத்துக்குக் கிட்டத் திரும்பவும் 'லேய்'. ஊரில அப்புக்காத்தருக்கு நீங்கள் எண்டு தொடங்கி நீ எண்டு முடிச்சால் என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியும். இங்க இன்னொரு சங்கடம், 'லேய்' போட்டு ஒருத்தரை ஏவினால் வினை கொஞ்ஜுந்தீவோ எண்ட வேற வடிவத்துக்கு மாறவேணும். 1975 இல வந்த ஃபந்தோத்ஸி படத்தில ரெண்டு கந்தோர்க்காரர் ரெனிஸ் விளையாடேக்க, மரியாதையோ இல்லையோ எண்டு குழம்பி, பிழையான வினையை விட்டிட்டு, அது கொஞ்ஜுந்தீவோவாம் எண்டு தேத்துவினம். இத்தாலி இண்டைக்கும் சிரிக்குது. பிறந்த பாஷைக்காரரே வழுக்குற இடத்தில நீ வழுக்காமல் நிண்டால் சியேனாக்காரர் எழும்பி நிண்டு பார்ப்பார்.

பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறி சாந்தா ரொசாலியாவுக்கு நேத்தி வைக்கப்போறியாமெண்டு கேள்வி. ஏறு, ஏறு. சைவக்காரரும் வேதக்காரரும் ஒண்டாய் ஏறுற மலை. ஆனால் அவ தமிழில கேட்டாலும் தருவா. புள்ளி போடுறவர் தரமாட்டார். எண்டபடியால் ஏறமுன்னம் ஒரு வேலை செய். அந்த லிஃப்ட் கடிதத்தைத் திரும்ப எழுது, பொய்க் கடிதமாய் வேண்டாம். எங்கட கட்டடத்து நிர்வாகிக்கே எழுது. எங்கட லிஃப்டும் நிண்டுதானே கிடக்கு. எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டு, பிழை பிடிக்கிறன். பேந்து தண்ணி பில்லில கூடப் போட்டிருக்கிறாங்கள், அதுக்கு ஒண்டு. ஓய்வூதியக் கந்தோருக்கு ஒண்டு. ரெண்டாம் மாடி ரஞ்சி அக்காவுக்கும் மோனின்ர பள்ளிக்கூடத்துக்கு ஏதோ எழுதவேணுமாம். எங்கட மருமோன் சி2 படிக்கிறான், காசு வாங்கமாட்டான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். உன்ர பயிற்சிக்குத்தான்.