ஆறு மணி நேரத்துக்கு மூடியைத் தொடாதே

நாங்கள் இருக்கும் அயோவா மாநிலத்தில் மனிதர்கள் ஏறக்குறைய 32 லட்சம் பேர். பன்றிகள் 2 கோடிக்கும் மேல். பிரித்தால் ஆளுக்கு ஆறேழு தேறும். ஆனால் தெருவில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் அம்மாவுக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் ஏமாற்றம் இதுதான்.

"ரெண்டு கோடியும் எங்கடா போச்சு? நம்ம வார்டுல இருக்குறதே பத்துப் பன்னிதான், ஆனா ஊரே அதுக்கு வழிவிட்டு நடக்குது."

எல்லாம் நீளமான கொட்டகைகளுக்குள் இருக்கின்றன, உள்ளே காற்றோட்டத்துக்குப் பெரிய பெரிய மின்விசிறி ஓடும் என்று சொன்னேன். "பன்னிக்கு ஃபேனா?" என்றவள் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இங்கே போர்க் சாப் எனும் பன்றிக்கறித் துண்டு அரசியல் சமாச்சாரமும்கூட. ஒவ்வொரு ஆகஸ்டிலும் டி மாயின் நகரில் மாநிலப் பொருட்காட்சி நடக்கும். ஜனாதிபதி கனவோடு இருப்பவர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு, பன்றி வளர்ப்போர் சங்கத்தின் கூடாரத்தில் அடுப்புக்கு முன்னால் நின்று சாப்களைப் புரட்டிப் போடுவார்கள். நம் வேட்பாளர்கள் தேர்தல் நேரத்தில் ஓட்டலுக்குள் புகுந்து பரோட்டா அடிப்பதையும் டீ ஆற்றுவதையும் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. இரண்டு ஊரிலும் அந்தக் கல்லை அப்புறம் யார் கழுவுகிறார்கள் என்பதைத்தான் எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், எங்களுக்கு ஒரு சமையல் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அது ஓர் அட்டையின் பாதியைக்கூட நிரப்பவில்லை. ஸ்லோ குக்கர் என்ற மின்சாரப் பானையில் போர்க் சாப்களை அடுக்கு. ஒரு டின் காளான் சூப்பை மேலே கொட்டு. ஒரு பாக்கெட் வெங்காய சூப் பொடியைத் தூவு. 'லோ'வில் ஆறு மணி நேரம். அவ்வளவுதான். நறுக்குவது, தாளிப்பது, கிளறுவது, உப்பு பார்ப்பது எதுவும் கிடையாது. கடைசி வரியை மட்டும் அடிக்கோடிட்டிருந்தார்: மூடியைத் திறக்காதே.

இந்தக் கெட்டியான காளான் சூப்பை கேம்பல் கம்பெனி 1934-ல் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்து வீடுகளில் குழம்புக்கு அடிப்படையே அதுதான். வெங்காயம், தக்காளி வதக்குவதற்கு நாம் செலவிடும் அரை மணி நேரத்தை அவர்கள் டின் ஓப்பனரால் முடித்துவிடுகிறார்கள். டின்னைக் கவிழ்த்தால் உடனே விழாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, டின்னின் வரிகள் உடம்பெல்லாம் பதிந்திருக்க, 'ப்ளக்' என்று முழு உருளையாக இறங்கி, அதே வடிவத்தில் நிற்கும். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இது குழம்பா, சுவத்துக்கு அடிக்கிற பட்டியா?"

அந்த ஸ்லோ குக்கர் பானையின் பூர்விகம் எனக்கு மிகவும் பிடித்த கதை. சிகாகோவில் இர்விங் நாக்சன் என்று ஒரு யூதப் பொறியாளர் இருந்தார். அவருடைய அம்மா லிதுவேனியாவில் வளர்ந்தவர். யூதர்களுக்கு வெள்ளி சாயங்காலம் சூரியன் மறைந்தால் சனிக்கிழமை இருட்டும் வரை ஓய்வு நாள், அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அதனால் பீன்ஸ், பார்லி, இறைச்சி எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே அது ராத்திரி முழுவதும் வேகும். சோலன்ட் என்று பெயர். அம்மா சொன்ன அந்தப் பானையை மகன் மின்சாரத்துக்கு மாற்றினார். 1940-ல் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் கன்சாஸ் சிட்டி கம்பெனி ஒன்று அவருடைய தொழிலை வாங்கி, மறு வருஷம் 'கிராக் பாட்' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம், பானை பிய்த்துக்கொண்டு போனது.

ஓய்வு நாளின் ஆசாரம் கெடாமலிருக்க ஒரு சமூகம் கண்டுபிடித்த சமையல்முறை. அந்தச் சமூகம் தொடவே தொடாத இறைச்சியைத்தான் அயோவாவில் பாதிப் பேர் அதற்குள் போட்டு மூடுகிறார்கள். நாக்சனின் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். என் அம்மா என்ன சொல்வாள் என்பதை நினைத்துப் பார்க்க அவசியமே இல்லை, சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய முதல் குற்றச்சாட்டு, சத்தம் வரவில்லை என்பது. நம் வீடுகளில் கறி வேகிற கணக்கு நிமிஷத்தில் இல்லை, விசிலில் இருக்கிறது. பருப்புக்கு நாலு, ஆட்டுக்கறிக்கு ஆறோ ஏழோ, கிடா முற்றலாக இருந்தால் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே இன்னும் இரண்டு. குளிக்கிறவன் பாத்ரூமிலிருந்து "எத்தனை ஆச்சு?" என்று கத்துவான். வாசலில் கோலம் போடுகிறவள் "மூணு" என்பாள். எதிர்வீட்டு அக்கா திருத்துவார், "இல்ல, நாலு." குக்கர் ஒரு வீட்டில் இருந்தாலும் கணக்குத் தெருவுக்கே பொது. அப்படிப்பட்ட ஊரில் ஐம்பது வருஷம் சமைத்தவள் முன்னால், 200 வாட் சொச்சத்தில், மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லாமல் ஒரு பீங்கான் பானை உட்கார்ந்திருந்தால் எப்படி நம்புவாள்? காதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏண்டா, இது வேகுதா தூங்குதா?"

பிறகு மூடியைத் திறந்தாள்.

"அத்தை!" என்று என் மனைவி ஓடிவந்தாள். ஒரு தடவை திறந்தால் உள்ளே சேர்ந்த சூடெல்லாம் வெளியேறிவிடும், மறுபடி அந்தச் சூட்டுக்கு வர இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும் என்று பொறுமையாக விளக்கினாள். அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கையில் மூடியோடுதான் கேட்டுக்கொண்டாள். "கண்ணாடி மூடிதானே போட்டிருக்கான், பாக்கத்தானே போட்டிருக்கான்? எல்லாம் வேர்த்துப்போய்க் கெடக்கு, ஒண்ணும் தெரியல. அதான் தொறந்தேன்." இதில் நியாயம் இருக்கிறது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்து, நடுவில் சேர்ந்து, சொட்டாக விழும். கறி இருக்கிறதா, பக்கத்து வீட்டுப் பூனை கொண்டுபோய்விட்டதா என்று தெரியாது.

மகள் ஒரு மஞ்சள் சீட்டில் 'அப்பத்தா, திரக்காதீங்க' என்று எழுதி மூடியில் ஒட்டினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நாங்கள் கட்டும் பணத்தின் பலன் அது. அம்மா வாசித்தாள். "வல்லின ற வரணும், பிள்ளைக்கு யாரு சொல்லிக்குடுக்குறது?" என்றபடியே சீட்டை எடுக்கப் போனவள், கையோடு மூடியையும் எடுத்தாள்.

அவளை மடக்க எனக்கு ஒரு பழைய சங்கதி கையில் இருந்தது. அவளுடைய சொந்த அப்பத்தா, தணலில் பால்சட்டியை மதியம் முழுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போவாராம், சாயங்காலம் ஆடை விரல் கனத்துக்குப் படிந்திருக்குமாம். அம்மாவே நூறு தடவை சொன்ன கதை. கூடவே ருக்மணி குக்கரையும் இழுத்தேன். அடியில் கரியைப் போட்டு, மேலே பாத்திரங்களை அடுக்கி மூடிவிட்டால் ஆவியிலேயே எல்லாம் வெந்துவிடும். கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற மருத்துவர் 1910-ல் செய்த இக்மிக் குக்கரும் அதே ஜாதிதான். மூடிவிட்டுப் போகிற சமையல் நமக்குப் புதிதா என்ன?

அம்மா அசரவில்லை. "அது தணல். கண்ணுக்குத் தெரியும். இதுல நெருப்பு எங்க இருக்குன்னு காட்டு, நானும் தூங்கப் போறேன்." அடுத்து, "நடுவுல கரண்ட் போச்சுன்னா?" என்றாள். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. நாம் வீட்டில் இல்லாதபோது மின்சாரம் போய்விட்டால், பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடு என்பதுதான் இங்கே அரசாங்கமே சொல்லும் யோசனை. வெதுவெதுப்பில் கிருமி பெருகிவிடும். "அப்ப நம்ம ஊருக்கு இது ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னாள். அதை நான் மேல்முறையீடு செய்யவில்லை.

இனி கறி. கடையில் போர்க் சாப் என்று கேட்டால் நம் கைக்கு வருவது பெரும்பாலும் முதுகுத் துண்டு. வெள்ளையாக, கொழுப்பில்லாமல், அழகாக இருக்கும். 1987-ல் பன்றிக்கறியை 'இன்னொரு வெள்ளைக் கறி' என்று கோழிக்குப் போட்டியாக விளம்பரம் செய்யத் தொடங்கினார்கள். பன்றியையும் அதற்கேற்ப இளைக்க வைத்தார்கள். இளைத்த பன்றியின் முதுகை ஆறு மணி நேரம் வேகவைத்தால், சுற்றிலும் குழம்பு மிதந்தாலும் உள்ளே நார் நாராக வறண்டுவிடும். இங்கே ஒரு வீட்டு விருந்தில் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். வாயில் போட்டதை விழுங்குவதற்குள் விருந்து கொடுத்தவரின் மூத்த மகன் கல்லூரியில் சேர்ந்த கதை முடிந்து, இளையவன் கதை ஆரம்பமாகிவிட்டது. முதுகுத் துண்டைச் சூடான கல்லில் சில நிமிஷம் போட்டு எடுப்பதே மரியாதை. உள்ளே 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி, 3 நிமிஷம் விட்டால் போதும் என்று அமெரிக்க வேளாண் துறை 2011-ல் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் 71 டிகிரி. பன்றியில் புழு இருக்கும் என்ற பழைய பயத்தில் தலைமுறை தலைமுறையாகத் தோல் செருப்பைத் தின்று தீர்த்திருக்கிறார்கள்.

பானைக்கு வேண்டியது தோள்பட்டைச் சாப். நிறம் கொஞ்சம் கருஞ்சிவப்பு, நடுவில் கோணல்மாணலான எலும்பு, இடையிடையே வெள்ளைக் கோடுகள். விலையும் குறைவு. அந்தக் கோடுகளில் இருக்கும் சவ்வுதான் மெதுவான சூட்டில் மணிக்கணக்காக வெந்து கரைந்து, குழம்புக்கு ஒரு வழவழப்பைக் கொடுக்கும். இதை அம்மாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பாக்கெட்டையும் புரட்டிப் பார்த்தவள், "சப்பைய எடு. முதுகுல என்ன இருக்கு?" என்று முடித்துவிட்டாள். ஆட்டில் படித்த பாடம் பன்றிக்கும் செல்லும் போலிருக்கிறது.

இன்னொரு விஷயத்திலும் அவள்தான் ஜெயித்தாள். "வதக்காத கறி கறியாடா?" என்று இரும்புச் சட்டியைக் காயவைத்து, சாப்களை இரண்டு பக்கமும் சிவக்க விட்டு எடுத்தாள். அதே சட்டியில் சின்ன வெங்காயம் கிடைக்காத குறைக்குப் பெரிய வெங்காயம், இஞ்சி, பூண்டு, இடித்த மிளகு, சோம்பு. காளான் சூப் உருளையை ஓரங்கட்டினாள். விவரமான அமெரிக்கச் சமையல் புத்தகங்களும் முதலில் கறியைச் சிவக்கவிடச் சொல்கின்றன, அவற்றை அவள் படித்ததில்லை. பானைக்குள் சூடு கொதிநிலையைத் தாண்டாது, எல்லாம் ஈரம், அதனால் கறி சிவக்கவே சிவக்காது. மூடி இறுக உட்கார்ந்திருப்பதால் நீரும் வற்றாது. இஞ்சி பூண்டைப் பச்சையாகப் போட்டால் ஆறு மணி நேரம் கழித்தும் பச்சை வாசனை அப்படியே உட்கார்ந்திருக்கும். அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் ஊற்றவும் கூடாது, கறியே தண்ணீர் விடும். தேங்காய்ப்பால் சேர்ப்பதாக இருந்தால் கடைசி அரை மணியில். இதையெல்லாம் செய்தால் அந்தக் குறிப்பில் சொன்ன சுலபம் காணாமல் போய்விடுகிறது என்பது உண்மைதான். ஆனால் சாப்பிடுகிறவனுக்கு அது தெரியாது.

அப்புறம் வாசனை. இதைப் பற்றி எந்தக் குறிப்பும் எச்சரிப்பதில்லை. காலை பத்துக்கு வைத்தது பன்னிரண்டுக்கே வீடு முழுக்க மணக்கத் தொடங்கிவிடும். சாப்பாடு நாலு மணிக்கு மேல்தான். என் மகன் மாடிப்படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தான். இந்த ஊர்க்காரர்கள் இரவுச் சாப்பாட்டை மாலை ஆறுக்கே முடித்துவிடுவது ஏன் என்று அன்று எனக்குப் புரிந்தது.

குறிப்பின்படி நாலுக்கு ஆகியிருக்க வேண்டியது எங்கள் வீட்டில் ஆறரைக்குத்தான் ஆனது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. கரண்டி பட்டதும் எலும்பு தானாகக் கழன்று வந்தது, கறி அதன் பள்ளத்தோடு தட்டில் விழுந்தது. பிள்ளைகள் மசித்த உருளைக்கிழங்கோடு சாப்பிட்டார்கள், நானும் மனைவியும் சோறும் ரசமும். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நேரமாவே வெந்துருச்சு" என்றாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ராத்திரி ஊரிலிருந்து மாமா வீடியோவில் வந்தார். என்ன சாப்பாடு என்று கேட்டார். அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவர் உடனே, "நல்லதுதான் அக்கா, மூலத்துக்கு ரொம்ப நல்லது" என்றார். ஊரில் பன்றிக்கறி சாப்பிடுகிற பலர் அதை ருசிக்காகச் சாப்பிடுவதாக ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. எல்லாம் மருந்து. "ஆமா, அதுக்குத்தான்" என்று அம்மாவும் சொல்லிவிட்டு, பானையில் மிச்சம் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தாள்.

நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் தோள்பட்டைச் சாப் வாங்குங்கள். உறைந்த கறியை நேரே பானையில் போடாதீர்கள், முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கிவிடுங்கள். குறிப்பில் ஆறு மணி நேரம் என்று போட்டிருந்தால், ஊரிலிருந்து அம்மா வந்திருக்கும் வீடுகளில் அதை எட்டரை என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.